வருமா, வராதா?

“ஏய்யா, இதுல பணம் வருமா வராதா? அத மட்டும் சொல்லுய்யா.”

கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். திருமங்கலத்துக்கு அங்கிட்டு ஏதோ ஒரு ஊர். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த கடிதத்தை எடுத்து நீட்டினார். எங்கள் கம்பெனிக் கடிதம். டைப் அடித்தவன் நான்தான். கீழே இடது மூலையில் என் இனிஷியல் இருந்தது. படித்தேன். வருமா வராதா என்று எனக்கும் தெரியவில்லை. இன்னொரு முறை படித்தபோதுதான், வரும், ஆனால் இப்போது வராது என்று பிடிபட்டது.

அந்தக் கடிதம் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் எனக்கு மனப்பாடம்:

“மேற்கண்ட பொருள் தொடர்பாக, பார்வையில் காணும் தங்களது விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டதில், உரிய ஆவணங்கள் இணைக்கப்படாததால், முதிர்வுத் தொகை வழங்குவது குறித்து மேற்படி ஆவணங்கள் பெறப்பட்ட பின்னர் மறுபரிசீலனை மேற்கொள்ளப்படும் என்பது இதன்மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.”

“வரும்மா. ரேஷன் கார்டு ஜெராக்ஸ் ஒண்ணு வேணும். கொண்டாந்தீங்கன்னா அன்னைக்கே செக் குடுத்துருவாங்க” என்றேன்.

“இத எழுதிவிட்டிருந்தா கையோட கொண்டாந்திருப்பேன்ல?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இன்னொரு நாள் பஸ்ஸுக்குக் காசு வேண்டுமே என்ற கணக்கு முகத்தில் ஓடியது.

இது 1991, மதுரை. தமிழ்த் தட்டச்சில் ஹையர் முடித்த கையோடு ஒரு நிதி நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். அன்று சாயங்காலம், அந்த அம்மாவிடம் வாயால் சொன்னதை அப்படியே டைப் அடித்துப் பார்த்தேன். “அம்மா, உங்கள் டெபாசிட் பணம் தயாராக இருக்கிறது. ரேஷன் கார்டு நகல் ஒன்று மட்டும் வேண்டும். கொண்டுவந்த அன்றே காசோலை தருகிறோம்.” மூன்றே வாக்கியம். மேலாளரிடம் கொண்டுபோய் நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “இது லெட்டர் இல்லப்பா, பேச்சு” என்றார். கையெழுத்துப் போடவில்லை.

அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கற்ற கடிதம் அப்படி. 1956-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்து அரசு அலுவலகங்கள் தமிழுக்கு மாறியபோது, சொற்கள் தமிழாயின, அச்சு இங்கிலீஷ் ஃபைலுடையதாகவே நின்றது. சப்ஜெக்ட் ‘பொருள்’ ஆயிற்று, ரெஃபரன்ஸ் ‘பார்வை’ ஆயிற்று. தாலுகா ஆபீஸ் எழுதிய மாதிரியே கூட்டுறவுச் சங்கம் எழுதியது, கூட்டுறவுச் சங்கத்தைப் பார்த்து எங்களைப் போன்ற தனியார் கம்பெனிகள் எழுதின. நாங்கள் யாருக்கும் சர்க்கார் இல்லை. வட்டி கொடுத்து வட்டி வாங்குகிற கடைதான். கடிதத்தில் மட்டும் தாசில்தார்.

எனக்கு எடிட்டிங் சொல்லிக் கொடுத்தவர் பத்திரிகைக்காரர் யாரும் இல்லை. கலெக்டர் ஆபீஸ் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதிய ஒரு பெரியவர். திங்கட்கிழமை மனு நாள். அன்று அவரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். கம்பெனி வேலையாக அந்தப் பக்கம் போனால் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பேன். வந்தவர் பேசுவார், பேசிக்கொண்டே இருப்பார். பெரியவர் பேனாவைத் தொடவே மாட்டார். நிலம், பங்காளி, வேலி, போன வருஷத்து மழை, மருமகள் என்று எல்லாம் வந்து போகும். கடைசியில் ஆள் களைத்து, “எனக்குப் பட்டால எம்பேரு இருக்கணும் சாமி, அவ்வளவுதான்” என்பார். பெரியவர் அப்போதுதான் பேப்பரை இழுப்பார். அந்தக் கடைசி வரிதான் மனுவின் முதல் வரி. மற்றதில் தேதியும் சர்வே எண்ணும் மட்டும் உள்ளே போகும்.

ஆனால் முதல் வரிக்கு முன்னால், “தாழ்மையுடன் விண்ணப்பித்துக்கொள்வது யாதெனில்” என்று ஒன்று கட்டாயம் இருக்கும். “அது எதுக்குங்கய்யா?” என்று ஒருமுறை கேட்டேன். “சடங்குக்கு ஒரு ‘யாதெனில்’ இருக்கட்டும்யா. அது இல்லேன்னா மனு குடுத்த மாதிரியே அவுகளுக்கு இருக்காது” என்றார்.

அதை அன்று சோம்பேறித்தனம் என்று நினைத்தேன்.

இன்று என்னிடம் யாராவது கடிதத்தைத் திருத்தக் கொடுத்தால் முதலில் செய்வது, முதல் பத்தியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு படிப்பது. பத்துக்கு ஏழு கடிதத்தில் ஒன்றும் குறையாது. “எங்கள் நிறுவனம் கடந்த பல ஆண்டுகளாகத் தங்களைப் போன்ற மதிப்புமிக்க வாடிக்கையாளர்களின் நல்லாதரவோடு” என்று தொண்டையைச் செருமிக்கொள்கிற பத்தி அது. எழுதுகிறவருக்கு எழுத்து வசப்பட அந்தப் பத்தி தேவைப்பட்டிருக்கும், படிக்கிறவருக்குத் தேவையில்லை. கடிதம் பெரும்பாலும் இரண்டாம் பத்தியில்தான் தொடங்குகிறது.

அடுத்து சிவப்புப் பேனா. ‘படு’ என்று வருகிற இடமெல்லாம் வட்டம் போடுவேன். மேலே சொன்ன கடிதத்தில் எண்ணிப் பாருங்கள்: பரிசீலிக்கப்பட்டு, இணைக்கப்படாமல், பெறப்பட்டு, மேற்கொள்ளப்பட்டு, தெரிவித்துக்கொள்ளப்பட்டு, ஐந்து. ஐந்து காரியம் நடக்கிறது, செய்கிற ஆள் ஒருவர்கூட இல்லை. தமிழில் இது பெரிய விநோதம். நம் வினைச்சொல்லின் வாலிலேயே ஆள் உட்கார்ந்திருக்கிறார். ‘பார்த்தேன்’ என்றால் நான், ‘பார்த்தோம்’ என்றால் நாங்கள், ‘பார்த்தீர்கள்’ என்றால் நீங்கள். தனியாகப் பெயர் சொல்லவே வேண்டாம். இலவசமாகக் கிடைக்கிற அந்த ஆளை மெனக்கெட்டு வெட்டியெறிந்துவிட்டு அந்த இடத்தில் ‘படுகிறது’ என்ற கட்டையை நட்டு வைக்கிறோம். 1856-இல் வெளிவந்த தன் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல், திராவிட மொழிகளின் வினைக்குச் செயப்பாட்டுக்கென்று தனி வடிவம் கிடையாது, துணைவினையை ஒட்டித்தான் அந்த வேலை நடக்கிறது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். அவ்வளவு தூரம் போக வேண்டாம். உங்கள் வீட்டில் யாராவது “சோறு ஆக்கப்பட்டுவிட்டது” என்று சொல்லி உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்களா?

எனவே ஒவ்வொரு வட்டத்தின் பக்கத்திலும் ‘யார்?’ என்று எழுதுவேன். ‘பரிசீலனை மேற்கொள்ளப்பட்டது’. யார்? நாங்கள். அப்படியானால் ‘பார்த்தோம்’. ‘ஆவணங்கள் பெறப்பட்ட பின்னர்’. யார் தரவேண்டும்? நீங்கள். ‘நீங்கள் கொடுத்ததும்’. இந்தக் கேள்விக்குப் பதில் எழுதினாலே பாதிக் கடிதம் திருந்திவிடும். மீதிப் பாதி கொஞ்சம் சூட்சுமம்.

ஏனென்றால் எல்லா இடத்திலும் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினால் சண்டை வரும். ‘மார்ச் மாதத் தவணை செலுத்தப்படவில்லை’ என்பதை உயிரோட்டமாக்குகிறேன் என்று ‘நீங்கள் மார்ச் தவணை கட்டவில்லை’ என்று எழுதினேன், சேர்ந்த புதிதில். விரலை நீட்டிப் பேசுகிற மாதிரி இருந்தது. கட்டியவர்களும் இருந்தார்கள், பணம் எங்கள் கணக்கில் ஏறவில்லை, அவ்வளவுதான். அவர்கள் ரசீதோடு வந்து கவுன்ட்டரில் சத்தம் போட்டார்கள். தமிழ் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ‘மார்ச் தவணை இன்னும் எங்களுக்கு வந்து சேரவில்லை.’ யாரையும் குற்றம் சொல்லவில்லை, மழுப்பவும் இல்லை. உடைத்தேன், உடைந்தது, விட்டேன், விட்டுப்போயிற்று என்று நம்மிடம் இரட்டை இரட்டையாக வினை இருக்கிறது. நான் வைத்துக்கொண்ட கணக்கு இது: அவர்கள் பக்கத்துப் பிசகு என்றால் ‘வரவில்லை’, ‘விட்டுப்போயிருக்கிறது’. எங்கள் பக்கத்துப் பிசகு என்றால் ‘தவறு செய்துவிட்டோம்’, ‘நாங்கள் கவனிக்கவில்லை’. பெரும்பாலான கம்பெனிகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. வாடிக்கையாளரைச் சொல்லும்போது ‘தாங்கள் செலுத்தத் தவறியுள்ளீர்கள்’. தங்களைச் சொல்லும்போது ‘தொழில்நுட்பக் கோளாறு காரணமாகத் தவறு நேர்ந்துவிட்டது’.

வாக்கிய நீளத்துக்கு நான் அளவுகோல் வைத்துக்கொள்ளவில்லை, மூச்சு வைத்திருந்தேன். டெஸ்பாட்ச்சில் இருந்த பையன் எட்டாம் வகுப்பு படித்தவன். தபாலில் போகும் முன் கடிதத்தை அவனிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். அவன் மூச்சு வாங்குகிற இடத்தில் முற்றுப்புள்ளி வைப்பேன். தமிழில் வினை கடைசியில் வருகிறது. ‘பார்த்து, விசாரித்து, சேர்த்து, ஒப்பிட்டு’ என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டே போனால், கடன் கிடைத்ததா இல்லையா என்பது ஐந்தாவது வரியில்தான் தெரியும். அதுவரை படிக்கிறவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ‘கடன் கிடைத்துவிட்டது’ அல்லது ‘இந்தத் தடவை கடன் தர முடியவில்லை’ என்று முதலில் ஒரு குட்டி வாக்கியம். காரணம் பிறகு.

ஆதித்தனார் 1942-இல் மதுரையில்தான் ‘தந்தி’யைத் தொடங்கினார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கும் புரியவேண்டும் என்பது அந்தப் பத்திரிகையின் வழக்கம். டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் கேட்பதை நான் பார்த்து வளர்ந்தவன். கொலைச் செய்திக்குக் காட்டுகிற இந்த அக்கறையை நாம் ஏன் கடன் கடிதத்துக்குக் காட்டுவதில்லை என்று தோன்றும்.

இப்போது என் பெரிய சறுக்கலைச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஒரே கடிதத்தை அடித்துவிட்டால் ஆயிரம் பெயர் தானாக ஏறிக்கொள்ளும். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் எடுத்து, ‘அன்புள்ள வாடிக்கையாளரே’ என்று போட்டுக்கொண்டிருந்தவனுக்கு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கிற வசதி. பொங்கல் வாழ்த்துக் கடிதம் நான்தான் எழுதினேன். அதற்குள் மேலாளர் மாறியிருந்தார். புதியவருக்கு என் நடை பிடிக்கும். பெயர், அடுத்த வரியில் ‘நீங்களும் வீட்டில் எல்லோரும் நலம்தானே?’ அந்தக் காலத்து இன்லேண்ட் லெட்டர் வாசனை வரட்டும் என்று வைத்தேன். நல்லாத்தான் இருந்தது.

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் ஒரு இளைஞர் வந்தார். மொட்டை அடித்து முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. கடிதத்தை என் மேசையில் விரித்து வைத்தார். ‘அன்புள்ள லேட்’ என்று தொடங்கி அவருடைய அப்பாவின் பெயர், பிறகு ‘அவர்களுக்கு, நீங்களும் வீட்டில் எல்லோரும் நலம்தானே?’ நாமினி மாற்றத்துக்காக அவர்கள் கொடுத்த தகவலைப் பார்த்து, எங்கள் ஆபீஸில் யாரோ பெயருக்கு முன்னால் ‘லேட்’ என்று ஏற்றியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் அதைப் பெயரென்றே எடுத்துக்கொண்டது.

அவர் சத்தம் போடவில்லை. “அம்மா இதப் படிச்சிட்டாங்க சார்” என்றார்.

டேட்டா என்ட்ரி ஆளின் மேல் பழியைப் போட்டிருக்கலாம், ஆபீஸில் எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள். ஆனால் ‘நலம்தானே’ என்று கேட்டது நான். பதில் தெரிந்துகொள்ள விருப்பமில்லாமல் ஆயிரம் பேரைப் பார்த்து நலமா என்று கேட்டவன் நான். அந்த வீட்டுக்கு நேரில் போனேன். அங்கே நடந்ததை எழுதப் போவதில்லை.

அதற்குப் பிறகு கடிதத்தின் தலையில் அன்பைக் கொட்டுவதை விட்டுவிட்டேன். பெயரைச் சரியாக எழுதினால் போதும். ஒருவருக்கு எழுதிய கடிதம் என்பது, அவருக்கு மட்டும் பொருந்துகிற ஒரு தகவல் உள்ளே இருப்பதில் தெரியும். ‘தங்கள் ஆர்டர் தவிர்க்க இயலாத காரணங்களால் தாமதமாகிறது’ என்பதில் ஒருவரும் இல்லை. பிறகு சென்னைக்கு வந்து பல கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுக்கத் தொடங்கியபோது, ஒரு வீட்டுச் சாமான் கடைக்கு அதை இப்படி மாற்றினேன்: ‘நீங்கள் கேட்ட கிரைண்டர் கோயம்புத்தூரிலிருந்து திங்களன்றே கிளம்பிவிட்டது. லாரி உளுந்தூர்பேட்டையில் பழுதாகி நிற்கிறது. வியாழன் மாலைக்குள் உங்கள் வீட்டில் இருக்கும்.’ அன்பு, பாசம், குடும்பம் என்று ஒரு சொல் கிடையாது. எப்போ வரும் என்று போன் செய்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று கடைக்காரர் சொன்னார். உளுந்தூர்பேட்டை என்ற ஊர்ப்பெயர் பார்த்த வேலை அது.

வாரன் பஃபெட் தன் பங்குதாரர்களுக்குக் கடிதம் எழுதிவந்த காலத்தில் தன் சகோதரிகள் டோரிஸ், பெர்ட்டி இருவரிடமும் பேசுவதாக நினைத்துக்கொள்வாராம். 1998-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் எளிய ஆங்கிலம் பற்றி ஒரு கையேடு போட்டது. அதன் முன்னுரையில் அவரே சொல்லியிருக்கிறார். கோடீஸ்வரருக்கு இரண்டு சகோதரிகள். எனக்குத் திருமங்கலத்து அம்மா. இன்னும் அவரை நிற்கவைத்துத்தான் எழுதுகிறேன்.

‘நாம்’, ‘நாங்கள்’ விஷயத்தில் பலரும் கவனமில்லாமல் இருக்கிறார்கள். ‘நாம்’ என்றால் கேட்கிறவரும் சேர்த்தி. ஒரு சிட்பண்டுக்காரர் அனுப்பிய சுற்றறிக்கையில் ‘நாம் இந்த மாதம் முதல் அபராத வட்டியை உயர்த்தியுள்ளோம்’ என்று இருந்தது. “நானும் சேர்ந்தா உயர்த்தினேன்?” என்று ஒரு சந்தாதாரர் ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார். கடைத் திறப்பு விழா அழைப்பிதழில் ‘நமது கடை’ அழகு. வட்டி ஏறும்போது ‘நாங்கள்’தான் நாணயம். ‘தாங்கள்’ பற்றி இவ்வளவு கறாராக நான் இல்லை. அறுபது வயதுக்காரருக்கு எழுதும்போது ‘தாங்கள்’ இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஒரே கடிதத்தில் மேலே ‘தாங்கள்’, கீழே ‘உங்கள்’ என்று இரண்டு பேர் எழுதிய மாதிரி இருக்கக் கூடாது.

சொல் தேர்விலும் எனக்குக் கட்சி கிடையாது. ‘வைப்புத்தொகை’ நல்ல சொல். பாஸ்புக்கில் ‘டெபாசிட்’ என்று இருந்தால் கடிதத்திலும் ‘டெபாசிட்’தான் எழுதுவேன், இல்லாவிட்டால் இது வேறு ஏதோ பணம் என்று பயந்துவிடுவார்கள். ‘உங்க ட்ரீம் ஹோம் இப்போ ரெடி’ வகையறாவை மட்டும் கைகூசாமல் எழுத என்னால் முடியவில்லை. போர்டில் ‘வாங்க’, கடிதத்தில் ‘வாருங்கள்’ என்பது என் எல்லை.

நகை ஏல நோட்டீஸ் மாதிரி சட்டம் சம்பந்தப்பட்டதில் கை வைக்க மாட்டேன். ‘ஏலம் விடப்படும்’ என்பதை வக்கீல் எழுதியபடியே விட்டுவிட்டு, மேலே தனித் தாளில் நாலு வரி வைப்பேன்: எந்த நகை, எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள் கட்டினால் மீட்கலாம், யாரிடம் பேசவேண்டும்.

இவ்வளவு சொல்லியும் மசியாதவர்களை மசியவைத்தது எஸ்.எம்.எஸ். கணக்கு. இங்கிலீஷில் ஒரு எஸ்.எம்.எஸ்ஸுக்கு 160 எழுத்து இடம் உண்டு. தமிழில் அடித்தால் 70தான். அதிலும் ‘கொ’ என்பது நமக்கு ஓரெழுத்து, கம்ப்யூட்டருக்கு இரண்டு. புள்ளி, உயிர்க்குறி எல்லாம் தனித்தனியாக இடம் பிடிக்கும். பத்து வருஷத்துக்கு முன் ஒரு கடன் நிறுவனத்தில் உட்கார்ந்து எண்ணிக் காட்டினேன். ‘தெரிவித்துக்கொள்ளப்படுகிறது’ என்ற ஒரு சொல் 27 இடம். அவர்கள் அனுப்பிக்கொண்டிருந்தது, ‘தங்களது மார்ச் மாதத் தவணைத் தொகை இதுநாள்வரை செலுத்தப்படவில்லை என்பது தெரிவித்துக்கொள்ளப்படுகிறது’. கூட்டினால் 96, இரண்டு எஸ்.எம்.எஸ். காசு. எவ்வளவு கட்டவேண்டும், எப்போதுக்குள் என்பது அதில் கிடையாது. பதிலுக்கு நான் எழுதியது: ‘உங்கள் மார்ச் தவணை ரூ.2,450 வரவில்லை. 10க்குள் கட்டினால் அபராதம் இல்லை.’ எண்ணினேன், 71. கடைசி முற்றுப்புள்ளியை எடுத்தேன், 70. கணக்குப் பிரிவு மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதுவரை நடை, மரியாதை, வாசகர் என்று நான் பேசியதற்கெல்லாம் அவர் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே மேலாளர் இப்போதும் என்னிடம் கடிதங்கள் அனுப்புகிறார். போன வாரம் ஒன்று வந்தது. கடன் முடிந்தவருக்கு அசல் பத்திரத்தைத் திருப்பித் தருகிற கடிதம். ‘உங்கள் வீட்டுக் கடன் முழுவதும் முடிந்துவிட்டது. பத்திரம் எங்கள் ஆபீஸில் தயாராக இருக்கிறது. ஆதாரோடு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று சுருக்கி அனுப்பினேன். சாயங்காலம் போன் செய்தார்.

“எல்லாம் நல்லாருக்கு சார். ஆனா பதினஞ்சு வருஷமா கட்டி முடிச்சிருக்காரு மனுஷன். ஒரு ‘தெரிவித்துக்கொள்ளப்படுகிறது’கூட இல்லாம எப்படி சார் பத்திரம் குடுக்கிறது? ஒண்ணாவது இருக்கட்டுமே.”

யோசித்துப் பார்த்தேன். அந்தக் கடிதத்தை அந்த மனுஷன் ஃபிரேம் போட்டு மாட்டினாலும் மாட்டுவார். முதல் வரியின் கடைசியில் ஒன்றைச் சேர்த்து அனுப்பினேன். எஸ்.எம்.எஸ். இல்லையே, இடம் இருந்தது.